வராத நாளின் காரணம்: ஊவாத் தோட்டங்களில் நோயும் ஒழுங்கு நடவடிக்கையும்

கேள்வியின் வயது

தோட்டத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலில் படுத்து மூன்று நாள் பெரட்டுக்கு, அதாவது காலை ஆட்கணக்குக்கு, வரவில்லை. அந்த மூன்று நாளை நிர்வாகம் நோயாகக் கணக்கில் எடுக்க வேண்டுமா, ஒழுங்கு மீறலாக எடுக்க வேண்டுமா? ஹப்புத்தளை, பண்டாரவளை, பசறை, மடுல்சீமை, நமுனுகுல என்று நீளும் ஊவாவின் தேயிலை மலைகளில் இந்தக் கேள்வி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகிறது. குடியேற்றக் காலச் சட்டம் அதற்குச் சிறையைக் காட்டிப் பதில் சொன்னது. அதன் பக்கத்திலேயே வளர்ந்த இன்னொரு சட்டம் மருந்தைக் காட்டியது. சுதந்திரத்துக்குப் பிறகு தொழில் நியாய சபையும், 1971இல் தொழில் ஆணையாளரின் அனுமதியும் வந்தன. ஒவ்வொரு பதிலும் முந்தியதன் குறையை ஓரளவு நிரப்பியது. எதுவும் கேள்வியை முடித்துவைக்கவில்லை.

அந்தப் பதில்களை அவை பிறந்த சூழலோடு சேர்த்துப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். பரிசீலனையின் முடிவில் ஒரு கருத்து வலுப்படுகிறது. நோயாளியை வேலையிலிருந்து நிறுத்துவதைத் தடுக்கும் சட்டம் இலங்கையில் இல்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது இருக்கிறது. அண்டை நாட்டினதைவிடச் சில இடங்களில் வலுவாகவும் இருக்கிறது. ஆனால் நோய் ஒருமுறை ஒழுங்கீனமாகப் பதியப்பட்டுவிட்டால் அந்தச் சட்டம் தொழிலாளிக்கு உதவுவதில்லை. ஆகவே பாதுகாப்பின் உண்மையான இடம் பணிநீக்கக் கடிதம் அன்று. அதற்கு வெகு முன்பே, வராத நாளின் காரணம் எழுதப்படும் இடம்தான்.

குற்றமாக இருந்த இல்லாமை

1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டம், இங்கிலாந்தின் எசமான்–வேலையாள் சட்ட மரபிலிருந்து பிறந்தது. நியாயமான காரணமின்றி வேலைக்கு வராதிருந்தால், அனுமதியின்றி வேலையை விட்டுப் போனால், சம்பளம் பறிபோவதோடு சிறையும் கிடைக்கலாம். கோப்பி மலைகளில் தொடங்கிய இந்த ஏற்பாடு, 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிந்து தேயிலை வந்த பிறகும் தொடர்ந்தது. கங்காணியிடம் பட்ட கடனும், ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போவதைக் கட்டுப்படுத்திய துண்டு முறையும் அதனோடு சேர்ந்துகொண்டன. 1921இல் துண்டு முறை ஒழிக்கப்பட்டது. தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பும் பிரிவுகளும் 1920களின் தொடக்கத்தில் நீங்கின.

சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் நோயாளிக்கு அதில் இடம் இருந்தது. காய்ச்சல் நியாயமான காரணம்தானே என்று வாதிடலாம். ஆனால் காரணத்தைக் காட்ட வேண்டிய பாரம், எழுதப் படிக்கத் தெரியாத, நீதிமன்ற மொழி அறியாத, பதுளை நகருக்கு ஒரு நாள் நடை தூரத்தில் வாழ்ந்த ஒருவர் மீது இருந்தது. அதைவிட ஆழமான குறை, நோய் கண்ணுக்குத் தெரியாதபோது வெளிப்பட்டது. 1910களின் பிற்பகுதியில் ராக்பெல்லர் அறக்கட்டளையின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் தொடங்கியபோது, பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் மிகப் பெரும்பான்மையினர் அந்தப் புழுவைச் சுமந்தவர்கள் என்பது தெரியவந்தது. கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சும், உடல் சோரும், மலையேறினால் மூச்சு வாங்கும். அந்தச் சோர்வைப் பல தலைமுறைத் துரைமார் சோம்பல் என்றே எழுதிவைத்திருந்தார்கள். ஒருவரின் நோயை அவரது குணமாகப் பதிவுசெய்யும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சிறைப் பிரிவுகள் போன பிறகும் இந்த வழக்கம் போகவில்லை என்றே தோன்றுகிறது.

பராமரிப்பு என்ற பதில்

சிறைச் சட்டத்தின் காலத்திலேயே இன்னொரு பதிலும் உருவானது. 1872ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பகுதிகளை மருத்துவ மாவட்டங்களாகப் பிரித்தது. அதன் வழிவந்த 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், தோட்டத்தில் யாருக்கு நோய் என்று அறிந்து நடவடிக்கை எடுப்பது, தேவையானால் வைத்தியசாலைக்கு அனுப்புவது, பிள்ளை பெற்றவளை உடனே வேலைக்கு அழைக்காமல் உணவும் இருப்பிடமும் தருவது ஆகியவற்றைத் தோட்டத் துரையின் கடமையாக்கியது. தோட்ட மருந்தகங்களும், பிள்ளைக்காம்பரா எனப்படும் குழந்தைப் பராமரிப்பு இடங்களும் இந்த மரபில் வந்தவை. இதன் பயனைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் இச்சட்டங்கள் நிர்வாகத்தின் கடமையைப் பேசின. தொழிலாளியின் உரிமையைப் பேசவில்லை. நோயாளிக்கு மருந்து உண்டு. மருந்து குடித்துப் படுத்திருந்த நாளுக்குச் சம்பளமோ, அந்த நாளைக் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கக் கூடாது என்ற உறுதியோ இல்லை.

அந்த உறுதி முதலில் கிடைத்தது தாய்மாருக்கு. 1939ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டமும் அதற்குப் பின்னர் செய்யப்பட்ட திருத்தங்களும், கர்ப்பம், பிரசவம், அவற்றால் வந்த நோய் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து ஒரு பெண்ணின் வேலையை முடிவுறுத்துவதைத் தடை செய்கின்றன. 2018இல் வந்த திருத்தம், பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பாராமல் 84 நாள் விடுமுறையை எல்லாப் பிரசவத்துக்கும் சமமாக்கியது. நோயைக் காரணம் காட்டித் தொழிலை முடிக்கக் கூடாது என்று இலங்கைச் சட்டம் நேரடியாகச் சொல்லும் முக்கியமான இடம் இது. பிள்ளைக்காசு என்று லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், அறியப்படும் இந்த நன்மையைச் சுற்றிப் பிணக்குகள் எழுந்தாலும், அதன் அடிப்படையை இன்று எவரும் மறுப்பதில்லை. ஒரு வகை நோய்க்கு இயன்ற உறுதி மற்ற வகைகளுக்கு ஏன் இயலாது என்ற கேள்வியை இச்சட்டமே எழுப்புகிறது.

தொழிற்சங்கத்தின் பதில்

இந்தச் சட்டங்களுக்கு வெளியே, தொழிலாளர் அமைப்பாகத் திரண்டால் நிர்வாகம் இறங்கிவரும் என்ற நிலைப்பாடு ஒன்று உண்டு. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் தொடங்கியதிலிருந்து அது வளர்ந்தது. ஊவாவுக்கு இதில் தனி இடம் இருக்கிறது. 1940இல் பதுளையை அடுத்த வேவெஸ்ஸ தோட்டத்தில் லங்கா சமசமாஜக் கட்சியினரின் சங்கம் நடத்திய வேலைநிறுத்தம், தொழிலாளர் தாமே தெரிந்தெடுத்த குழுவோடு நிர்வாகம் பேச வேண்டும் என்ற கோரிக்கையை மையமாகக் கொண்டிருந்தது. தனி ஒருவரின் மீதான நடவடிக்கையை எல்லாரும் கேள்வி கேட்கும் உரிமை அது. அந்த மரபின் எளிய வடிவம் இன்றும் இருக்கிறது. தோட்டத் தலைவர் ஒப்பீசுக்குப் போய்ப் பேசுகிறார். வேலை நிப்பாட்டப்பட்டவர் சில நாளில் திரும்ப எடுக்கப்படுகிறார். பெரும்பாலான பிணக்குகள் இப்படியே தீர்வதாகக் கொள்ளலாம்.

ஆனால் இப்படிக் கிடைப்பது சலுகை. தலைவருக்கும் துரைக்கும் இடையிலான உறவு நன்றாக இருந்தால் கிடைக்கும். சங்கத்தில் சந்தா இல்லாதவருக்கும், சங்கம் மாறியவருக்கும், தற்காலிகமாக வேலை செய்பவருக்கும் கிடைப்பது ஐயம். எல்லாம் வாய்ப்பேச்சில் முடிவதால் எழுத்தில் எதுவும் மிஞ்சுவதில்லை. ஒப்பீசில் பேசித் தீர்த்த நாட்கள் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் வராத நாட்களாகவே கிடக்கும். அடுத்த முறை நோய் வரும்போது அவை பழைய குற்றங்களாகத் திரும்பி வரக்கூடும்.

இரண்டு வாசல்கள்

1950ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கைத்தொழில் பிணக்குகள் சட்டமும், 1957இல் அதைத் திருத்தி உருவாக்கப்பட்ட தொழில் நியாய சபைகளும், தனித் தொழிலாளி தன் பணிநீக்கத்தை எதிர்த்து வழக்காட முதன்முதலாக வழி திறந்தன. நியாய சபை சேவை ஒப்பந்தத்தின் சொற்களுக்குக் கட்டுப்படாமல், நீதியும் நியாயமும் என்று தோன்றும் கட்டளையை இடலாம். பணிநீக்கத்தை நியாயப்படுத்தும் பொறுப்பு முதலாளியைச் சேரும். மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகிறது. ஊவாத் தொழிலாளி கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. ஆனாலும் இது வேலை போன பிறகு கிடைக்கும் நிவாரணம். வழக்கு நடக்கும் காலமெல்லாம் அடுப்பு எரிய வேண்டும்.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்க, தொழிலை முடிவுறுத்தல் பற்றிய விசேட ஏற்பாடுகள் சட்டம், இன்னும் ஒரு படி முன்னே போனது. 15 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி, தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்அனுமதியோ இல்லாமல் அவரது தொழிலை முடிவுறுத்தக் கூடாது. நோயால் இயலாமற்போனவரை நிறுத்துவதும் இதற்குள் அடங்கும். இன்னொரு அம்சம் பலர் கவனத்துக்கு வராதது. தற்காலிகமாகவோ நிரந்தரமாகவோ வேலை கொடுக்காமல் விடுவதையும் முடிவுறுத்தல் என்றே இச்சட்டம் கொள்கிறது. சுகமாகிப் பெரட்டுக்கு வந்தவரைத் திருப்பி அனுப்புவதும், ஏனைய நிபந்தனைகள் பொருந்தினால், சட்டத்தின் கண்ணில் அனுமதியற்ற பணிநீக்கமே.

இத்தனை வலுவான சட்டத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. ஒழுங்கு நடவடிக்கையின் தண்டனையாக வந்த பணிநீக்கத்துக்கு அது பொருந்தாது. திருடியவரை நிறுத்த ஆணையாளரிடம் போக வேண்டுமா என்ற நியாயமான எண்ணத்தில் பிறந்த விலக்கு இது. ஆனால் நோயைப் பொறுத்தவரை அதன் விளைவு விபரீதமானது. ஒரே மூன்று வார இல்லாமைக்கு நிர்வாகத்தின் முன்னால் இரண்டு வாசல்கள் இருக்கின்றன. நோய் என்று ஒப்புக்கொண்டால் ஆணையாளரிடம் விண்ணப்பம், விசாரணை, நட்டஈடு. அறிவிக்காத இல்லாமை என்று எழுதினால் இவை எதுவும் இல்லை. எந்த வாசலால் போவது என்பதை முதலில் முடிவு செய்பவர் முதலாளியே. கெட்ட எண்ணம் இல்லாத நிர்வாகியையும் சட்டத்தின் அமைப்பே இரண்டாவது வாசலுக்குத் தள்ளுகிறது.

வேலையைக் கைவிட்டார் என்ற முடிவு

இரண்டாவது வாசலில் மிகவும் பழக்கமான பாதை, தொழிலாளி வேலையைத் தானே கைவிட்டுவிட்டார் என்று அறிவிப்பது. முதலாளி எவரையும் நீக்கவில்லை. அவரே போய்விட்டார் என்பது வாதம். இங்கே இலங்கை நீதிமன்றங்கள் தொழிலாளிக்குத் துணை நிற்கும் ஒரு கோட்பாட்டை வளர்த்திருக்கின்றன. அதில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் தீர்ப்புகளில் ஒன்று இந்த மாகாணத்திலிருந்தே வந்தது: 1993ஆம் ஆண்டின் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற நந்தசேன எதிர் ஊவா பிராந்தியப் போக்குவரத்துச் சபை வழக்கு. வேலையைக் கைவிடுதலுக்கு இரண்டு கூறுகள் வேண்டும் என்பது அதன் சாரம். ஒன்று, உடலால் வேலைக்கு வராமை. மற்றது, வேலையை விட்டுவிடும் எண்ணம். முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் கைவிடுதல் இல்லை.

பதுளை வைத்தியசாலையின் வார்டில் படுத்திருப்பவரிடம் வேலையை விடும் எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது. அந்த வகையில் இக்கோட்பாடு நோயாளிக்கு உண்மையான கேடயம். எனினும் அது எண்ணத்தைப் பற்றியது. எண்ணத்தைச் செயலிலிருந்துதான் ஊகிக்க வேண்டும். திரும்பி வரும்படி கடிதம் அனுப்பப்பட்டதா, பதில் வந்ததா, வராமைக்கு விளக்கம் தரப்பட்டதா என்பவை சான்றாகின்றன. ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ எழுதிய கடிதம் லயத்துக்கு வந்து, அதை வாசித்துச் சொல்ல ஆள் தேடி, பதில் எழுதவும் ஆள் தேடுவதற்குள் நாள் கடந்துவிட்டால், அந்த மௌனம் எண்ணமாக வாசிக்கப்படும் அபாயம் இருக்கிறது. மனநோய் வந்தவரின் நிலை இதைவிடக் கடினம். பதில் எழுதாமை அவரது நோயின் அறிகுறியாகவே இருக்கக்கூடும்.

துண்டுச் சீட்டின் பாரம்

எல்லாப் பாதைகளும் கடைசியில் ஒரு காகிதத்தில் வந்து நிற்கின்றன. காய்ச்சல் கண்ட கொழுந்துப் பெண் தோட்ட மருந்தகத்துக்குப் போகிறாள். தோட்ட வைத்திய உதவியாளர் உடம்புச் சூடு பார்த்து, மருந்து கொடுத்து, ஓய்வு தேவை என்று சீட்டு எழுதுகிறார். அந்தச் சீட்டு கணக்கப்பிள்ளைக்குப் போனால் அன்றைய இல்லாமைக்குக் காரணம் உண்டு, போகாவிட்டால் இல்லை. வைத்திய உதவியாளர் நோயாளியின் நலம் பேண வேண்டியவர். அவருக்குச் சம்பளம் கொடுப்பதோ தோட்டம். அவர்களில் பலர் மனச்சாட்சியோடு உழைக்கிறவர்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பறிப்புச் சுற்று பிந்திப்போன வாரத்தில் எத்தனை பேருக்கு ஓய்வு எழுதலாம் என்ற கேள்வி அவர் மேசையில் எழாமல் இருக்காது. ஒருவர் மனச்சாட்சியை நம்பி ஓர் உரிமையை விட்டுவைப்பது போதிய பாதுகாப்பு ஆகாது.

அரச வைத்தியசாலைக்குப் போனால் சீட்டின் நம்பகம் கூடுகிறது. அதைப் பெறும் பாடும் கூடுகிறது. பூனாகலை மலையிலிருந்தோ மடுல்சீமையிலிருந்தோ பதுளைக் கிளினிக்குக்குப் போகிறவர் விடிகாலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் மருந்தெடுப்பவருக்கு அது மாதம் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், இழப்பு. அவர் கையில் இருப்பது கிளினிக் கொப்பி. அதில் திகதியும் மருந்தின் பெயரும் இருக்கும், வேலைக்குத் தகுதியில்லை என்ற வரி இருக்காது. வார்டில் இருந்தவருக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டுமானால், டிக்கட் வெட்டி வெளியேறும்போதே கேட்டு வாங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் வந்துவிட்டால், உண்மையில் நோயுற்றவர் சான்றில்லாதவராகிறார்.

இந்தப் பிரச்சினைக்கு இருவகைப் பதில்கள் சொல்லப்படுகின்றன. கடுமையான சான்றுமுறை வேண்டும், இல்லாவிட்டால் பொய்ச் சீட்டு பெருகும் என்பது ஒன்று. சான்றே தேவையில்லை, தொழிலாளியின் சொல்லை நம்ப வேண்டும் என்பது மற்றது. இரண்டும் தோட்டத்தின் நிலையை மறந்தவை. திகதி முத்திரை உள்ள கிளினிக் கொப்பியையும் மருந்தகப் பதிவேட்டையும் போதிய முதற்சான்றாக ஏற்று, ஐயம் இருந்தால் அதை மறுக்கும் பொறுப்பை நிர்வாகத்திடம் விடுவதே நடைமுறைக்கு ஒத்ததாகத் தெரிகிறது. இதற்குப் புதிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. இருக்கும் காகிதங்களுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தால் போதும்.

பணிநீக்கத்துக்குக் கீழே நிகழ்பவை

சட்ட விவாதம் முழுவதும் பணிநீக்கத்தைச் சுற்றியே நடக்கிறது. ஆனால் நோயுற்றவர் மீது விழும் தண்டனைகளில் பெரும்பாலானவை அதற்குக் கீழே நிகழ்பவை. காய்ச்சல் விட்ட மறுநாள் மலைக்கு வந்து, குறித்த கிலோவைப் பறிக்க முடியாதவருக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிறது. அது ஒழுங்கு நடவடிக்கை என்று எங்கும் எழுதப்படுவதில்லை. உற்பத்திக் கணக்கு என்றே எழுதப்படுகிறது. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவான பிறகு பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய அளவு கூட்டப்பட்டதால் இந்தப் பிடி மேலும் இறுகியது. விசாரணையின்றி, கடிதமின்றி, தராசு முள்ளே தீர்ப்புச் சொல்லிவிடுகிறது.

வருகைக் கொடுப்பனவின் கதையும் இதற்கு நெருக்கமானது. 2013ஆம் ஆண்டின் கூட்டு ஒப்பந்தத்தில் நாளொன்றுக்குரிய 620 ரூபாவில் அடிப்படைச் சம்பளம் 450. வருகைக் கொடுப்பனவு 140. மீதி 30 விலைப் பங்கு. வருகைக் கொடுப்பனவு வேண்டுமானால், தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் 75 சதவீதம் வர வேண்டும். மாதத்தின் நடுவில் ஒரு வாரத்துக்கு மேல் விழுந்துவிட்ட ஒருவர் வராத நாட்களின் சம்பளத்தை மட்டும் இழப்பதில்லை. வந்த நாட்களின் கொடுப்பனவையும் இழக்கும் நிலைக்கு வருகிறார். 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ஆகியபோது அந்தக் கொடுப்பனவு நீங்கியது. 2026க்கான வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படைச் சம்பளம் 1,550 ரூபாவாக உயர்ந்ததோடு, அரசாங்கம் வழங்கும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவும் அறிவிக்கப்பட்டது. சம்பளம் உயர்ந்தது வரவேற்கத்தக்கது. வருகைக்குப் பரிசு கொடுக்கும் எந்த முறையும், நோய் நாட்களை எப்படிக் கணக்கிடுகிறது என்பதைக் கொண்டே நியாயமானதாகவோ தண்டனையாகவோ மாறும் என்பதை அதை வகுப்பவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

நோய்களுக்கு இடையிலும் சட்டம் வேற்றுமை பார்க்கிறது. கொழுந்து பறிக்கும்போது குளவி கொட்டினால் 1934ஆம் ஆண்டின் வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் துணையை நாடலாம். அதே பெண் லயத்தில் டெங்குக் காய்ச்சல் பிடித்துப் படுத்தால் அதற்கு இணையான எதுவும் இல்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் பாதுகாப்புச் சட்டம் தொழிலுக்கு ஆட்சேர்ப்பதில் பாரபட்சத்தைத் தடுக்கிறது. வேலையில் இருக்கும்போது நோயால் இயலாமை அடைந்தவரைத் தொடர்ந்து வைத்திருப்பது பற்றி அதில் தெளிவான சொல் இல்லை. கடை, அலுவலக ஊழியருக்கு 1954ஆம் ஆண்டின் சட்டம் சுகவீனம் உள்ளிட்ட காரணங்களுக்கு ஆண்டில் 7 நாள் சம்பளத்தோடு விடுமுறை தருகிறது. பண்டாரவளை நகரத்துப் புடைவைக் கடையில் நிற்கும் மகளுக்கு உள்ள உரிமை, மேலே மலையில் நிற்கும் தாய்க்கு இல்லை.

கடலுக்கு அப்பால்

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் கீழ் 1964க்குப் பிறகு இந்தியா சென்ற குடும்பங்களில் பல, நீலகிரியில் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களில் வேலைக்கு அமர்த்தப்பட்டன. ஒரே குடும்பத்தின் ஒரு பாதி ஊவாவிலும் மறு பாதி கோத்தகிரியிலும் கூடலூரிலும் கொழுந்து பறித்தது. அங்கே போனவர்களுக்கு 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், மருத்துவச் சான்றின் பேரில் நோய்க்காலப் படி பெறும் உரிமையைத் தந்தது. ஆலைத் தொழிலாளரை முதன்மையாகக் கொண்ட 1948ஆம் ஆண்டின் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீட்டு) சட்டமோ, நோய் நன்மை பெறும் காலத்தில் தொழிலாளியை நீக்கவோ, தரம் இறக்கவோ, வேறு வகையில் தண்டிக்கவோ கூடாது என்று வெளிப்படையாகவே விதித்தது. நோய்க்கும் தண்டனைக்கும் இடையே நேராகக் கோடு கிழித்த சட்டம் அது.

ஆனால் இந்திய ஏற்பாட்டை முழுமையான மாதிரியாகக் கொள்ள முடியாது. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம், தொடர்ந்த உடல்நலக் குறைவால் வரும் பணிநீக்கத்தை ஆட்குறைப்பு என்ற வரையறையிலிருந்தே விலக்கியது. ஆட்குறைப்புக்குரிய இழப்பீடு அவருக்கு இல்லை. இரு நாடுகளையும் அருகருகே வைத்தால் ஓர் உண்மை புலப்படுகிறது. இந்தியா குறுகிய நோயைக் காத்து நீண்ட நோயைக் கைவிட்டது. இலங்கை, ஆணையாளரின் அனுமதி மூலம், நீண்ட நோயைக் காத்துக் குறுகிய நோயை ஒழுங்குக் கணக்கில் விட்டது. ஒரு நாட்டின் குறையை மற்ற நாட்டின் சட்டம் நிரப்பியது.

சர்வதேச அளவில், சர்வதேசத் தொழில் அமைப்பின் 1982ஆம் ஆண்டு 158ஆம் சமவாயத்தின் 6ஆம் உறுப்புரை, நோய் அல்லது காயத்தால் ஏற்படும் தற்காலிக இல்லாமை பணிநீக்கத்துக்குச் செல்லுபடியாகும் காரணம் ஆகாது என்கிறது. எது தற்காலிகம், எவ்வளவு சான்று தேவை என்பதை ஒவ்வொரு நாடும் தானே வகுக்கலாம். இலங்கை அந்தச் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தவில்லை. பெருந்தோட்டங்கள் பற்றிய 110ஆம் சமவாயத்தை 1995இல் உறுதிப்படுத்தியிருக்கிறது. பிரிட்டனில் 1970களில் நியாய சபைகள் வேறொரு அளவுகோலை வகுத்தன: சூழ்நிலை முழுவதையும் பார்த்து, முதலாளி இன்னும் காத்திருக்க வேண்டுமா, எவ்வளவு காலம் என்பதே கேள்வி. நெகிழ்வான அளவுகோல்தான். ஆனால் வழக்காட வசதியுள்ள இடத்தில்தான் நெகிழ்வு தொழிலாளிக்கு உதவும். வசதியற்ற இடத்தில் தெளிவான நாள் எண்ணிக்கையே அவருக்குப் பயன்படும்.

மறுப்புகள்

தோட்ட நிர்வாகங்களின் தரப்பிலிருந்து எழும் மறுப்புகள் எளிதில் ஒதுக்கத் தக்கவை அல்ல. தேயிலை காத்திருக்காது என்பது முதலாவது. ஏழெட்டு நாளுக்கு ஒரு சுற்று பறிக்காவிட்டால் கொழுந்து முற்றும். முற்றினால் தரம் போகும். ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் பருவத்தில்தான் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணமும் நல்ல விலையும் கிடைக்கின்றன. அப்போது நூறு பேரில் இருபது பேர் வராவிட்டால் இழப்பு உண்மையானது. ஆனால் இந்த வாதம் இல்லாமை பெருஞ்செலவு என்பதை மட்டுமே நிறுவுகிறது. நோயாளியைத் தண்டித்தால் இல்லாமை குறையும் என்பதை நிறுவவில்லை. காய்ச்சலோடு மலைக்கு வந்தவர் குறைவாகவே பறிப்பார். காசநோய் போன்ற தொற்றை மறைத்து வந்தவர் தன் லயத்தையே நோயில் தள்ளுவார். கொக்கிப்புழுக் காலத்தில் உற்பத்தியைக் கூட்டியது மருந்துதான், தண்டனை அன்று.

பொய்ச் சீட்டு இரண்டாவது மறுப்பு. வேறு இடத்தில் நாட்கூலிக்குப் போய்விட்டு நோய் என்று சொல்பவர்கள் இல்லாமல் இல்லை. கொழும்புக் கட்டுமான வேலையும் மரக்கறித் தோட்ட வேலையும் கூடுதலாகக் கொடுக்கும்போது அந்த ஈர்ப்பு இயல்பானது. பொய்யை விசாரித்துத் தண்டிக்கும் உரிமை நிர்வாகத்துக்கு இருக்கத்தான் வேண்டும். இங்கே கேட்கப்படுவது, விசாரணை முதலில், தீர்மானம் பிறகு என்ற வரிசை மட்டுமே. சிலரின் பொய்க்காகச் சான்று காட்ட முடியாத எல்லாரையும் பொய்யராகக் கருதுவது, 1865இன் மனப்பாங்குக்குத் திரும்புவதாகும்.

மூன்றாவது மறுப்பு நிதி சார்ந்தது. மூன்றிலும் கனமானதும் அதுவே. 1992இல் அரச தோட்டங்கள் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்ட பிறகு, மருத்துவமும் வீடும் யார் பொறுப்பு என்பது கம்பனி, அரசாங்கம், பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம் ஆகியவற்றிடையே தெளிவற்றுக் கிடக்கிறது. சம்பளத்தோடு நோய் விடுமுறை கொடு என்று ஒரு கம்பனியிடம் மட்டும் கேட்டால் அது ஆட்களைக் குறைக்கும் வழியைத் தேடக்கூடும். ஆகவே நோய்க்காலச் சம்பளத்தை ஈ.எஸ்.ஐ. போல் பங்களிப்புக் காப்புறுதியாக அமைக்க வேண்டும் என்ற யோசனைக்கு வலு இருக்கிறது. ஆனால் நோய்க்காகத் தண்டிக்காதிருப்பதற்கு அத்தகைய நிதி எதுவும் தேவையில்லை. சம்பளம் கொடுப்பதும் தண்டிக்காதிருப்பதும் இரு வேறு கேள்விகள். முதலாவதன் செலவைக் காட்டி இரண்டாவதைத் தள்ளிப்போடுவது நியாயமாகாது.

திறந்து கிடப்பவை

இத்தனைக்குப் பிறகும் சில கேள்விகளுக்கு உறுதியான பதில் இல்லை. எவ்வளவு காலம் தற்காலிகம்? பக்கவாதம் வந்தவருக்கோ, இம்மாகாணத்தின் கிராந்துருக்கோட்டைப் பக்கம் பரவலாகக் காணப்படும் நாட்பட்ட சிறுநீரக நோய்க்கு ஆளானவருக்கோ, ஒரு நாள் எண்ணிக்கை பொருந்துமா? 1971ஆம் ஆண்டின் சட்டம் கோரும் ஓராண்டில் 180 நாள் என்ற குறைந்தபட்ச வேலைக்காலம், நோயாலேயே வேலைநாள் குறைந்த தற்காலிகத் தொழிலாளியை வெளியே தள்ளிவிடாதா? எல்லாவற்றையும்விட, தேயிலைச் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்து, கொழுந்தைக் கிலோ விலைக்கு வாங்கும் வருமானப் பங்கு முறை பரவினால் என்ன ஆகும்? அங்கே பெரட்டு இல்லை, ஆகவே ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை. ஆனால் தொழிலாளி என்ற சட்ட நிலையே கேள்விக்குள்ளாவதால் பாதுகாப்பும் இல்லாமற்போகலாம். நோயின் முழுப் பாரமும் நோயாளி தலையிலேயே விழும் ஏற்பாட்டைச் சுதந்திரம் என்று அழைப்பதற்கு முன் நன்றாக யோசிக்க வேண்டும்.

திறந்து கிடக்கும் கேள்விகளுக்காகத் தெளிவானவற்றைத் தாமதப்படுத்த வேண்டியதில்லை. வேலையைக் கைவிட்டதாக அறிவிக்கும் முன், வராமைக்கு நோய் காரணமா என்று தொழிலாளியின் மொழியில் எழுத்தில் கேட்பதை முதலாளியின் கடமையாக்கலாம். நோய் என்று முதற்சான்று இருந்தால், ஒழுங்கு நடவடிக்கை என்ற விலக்கு அந்தப் பணிநீக்கத்துக்குப் பொருந்தாது என்று 1971ஆம் ஆண்டின் சட்டத்தில் ஒரு வரி சேர்க்கலாம். வருகைக் கொடுப்பனவில் நோய் நாட்களை வந்த நாட்களாகக் கணக்கிடலாம். இவை தொழில் திணைக்களத்தாலும் பாராளுமன்றத்தாலும் செய்யக்கூடியவை. தொழிற்சங்கங்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு: நோயில் விழுந்த ஒவ்வொரு அங்கத்தவரின் கிளினிக் கொப்பியையும் மருந்தகச் சீட்டையும் பிரதியெடுத்து, திகதியோடு ஒப்பீசில் கையளித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைப்பது.